பம்பைமடு வளாகத்துக்குள் ஒரு சின்னப் பாடசாலை இருந்தால்?

குளக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு இரவு 8.52

வணக்கம். வவுனியா வடக்கில் ஒரு வகை 3 பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியராக இருக்கிறேன். தரம் 1 முதல் 5 வரை இருபத்தாறு பிள்ளைகள். அதிபரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். எனக்குக் கிடைத்திருப்பது 3, 4, 5 ஆகிய மூன்று தரங்களும், ஒரே மண்டபத்தில், ஒரே கரும்பலகையோடு. பலகையில் இரண்டு கோடு கீறி மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இதில் புதினம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் பலர் இப்படித்தான் காலம் தள்ளுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை மன்னார் பஸ்ஸில் போனபோது பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் இறங்கினார்கள். உள்ளே கணினிக்கு ஆய்வுகூடம் இருக்கிறது, இரசாயனத்துக்கு இருக்கிறது. ஒரு கரைசல் பிழைத்தால் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி செய்து பார்க்கலாம். நான் ஒரு பாடத்தைப் புதிய மாதிரிப் படிப்பித்துப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது? நான் தரம் 4க்குப் பின்னம் சொல்லிக்கொண்டிருக்கும் இருபது நிமிடத்தில் 3க்கும் 5க்கும் என்ன வேலை கொடுத்தால் அவர்கள் உண்மையில் எதையாவது கற்பார்கள்? செயலமர்வுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். "பொருத்தமான செயற்பாடுகளை வழங்குங்கள்" என்பதே பதில்.

பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு ஒரு சின்னப் பாடசாலை இருந்து, அங்கே இப்படியான கேள்விகளைச் சோதித்துப் பார்த்தால் என்ன? வெளிநாடுகளில் 'ஆய்வுகூடப் பாடசாலை' என்று இருப்பதாக வாசித்தேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


பாலைப்பழம்
ஞாயிறு இரவு 9.40

நான் கல்வியியல் படித்தவள். இதைப் பற்றி ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன் அண்ணா, ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் என்று சொல்லத்தக்கவர் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜோன் டூயி. 1896 ஜனவரியில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 16 பிள்ளைகளோடும் இரண்டு ஆசிரியர்களோடும் தொடங்கினார். உங்கள் பாடசாலையை விடச் சின்னது. பௌதிகத் துறைக்கு ஆய்வுகூடம் எப்படியோ, கல்வித்துறைக்குப் பாடசாலை அப்படி என்பதுதான் அவருடைய வாதம். 1902 அளவில் 140 பிள்ளைகளும் 23 ஆசிரியர்களும் ஆகிவிட்டார்கள். ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்! அதைப் படித்த அன்று எனக்கு வந்த பெருமூச்சை இங்கே எழுத முடியாது.

அங்கே மேசை கதிரை வாங்கப் போன கதை எனக்கு மிகவும் பிடிக்கும். டூயி கடை கடையாக அலைகிறார், மனதுக்கு ஏற்றது கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் விஷயத்தைப் பிடித்துவிடுகிறார்: நீங்கள் தேடுவது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் இருந்து கேட்பதற்கானவை என்கிறார்.

பிள்ளைகள் சமைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், நெய்தார்கள். பஞ்சையும் ஆட்டுமயிரையும் கையில் கொடுத்து, முன்னோர்கள் ஏன் கம்பளியைப் பஞ்சுக்கு முன்பே துணியாக்கினார்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுப் பிள்ளைகள் அரை மணித்தியாலம் கொட்டை பிரித்தும் ஓர் அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. விடை கைக்கு வந்துவிட்டது. வரலாறு, தொழில்நுட்பம், கணக்கு எல்லாம் அந்த ஒரு கொட்டைக்குள்.


மருதடி
ஞாயிறு இரவு 10.25

தம்பி குளக்கட்டு, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் முப்பத்தொரு வருடம் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்துவிட்டு வந்தவன் நான். 'மாதிரி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது அடைத்துக்கொள்கிறது. மாதிரிக் கிராமம், மாதிரிப் பண்ணை, மாதிரிப் பாடசாலை. பலகை மட்டும் நிற்கும், அதிலும் பாதி எழுத்து உரிந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் பாடசாலை வந்தால் என்ன நடக்குமென்று இப்போதே சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் அயல் கிராமத்துப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டாம் வருடம் விரிவுரையாளர்களின் பிள்ளைகள். மூன்றாம் வருடம் பட்டினத்திலிருந்து டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் வங்கி முகாமையாளர் வீட்டுப் பிள்ளைகளும் வான் பிடித்து வருவார்கள். ஐந்தாம் வருடம் வாசலில் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தோரின் படங்களோடு பதாகை தொங்கும். அதற்குள் பக்கத்துக் கிராமப் பாடசாலை ஆறு பிள்ளைகளை இழந்து, பிறகு பன்னிரண்டை இழந்து, ஒருநாள் மூடப்பட்டிருக்கும்.

தங்கச்சி பாலைப்பழம் சொன்ன சிக்காகோப் பாடசாலை இப்போது எப்படி இருக்கிறதாம்?


பாலைப்பழம்
ஞாயிறு இரவு 10.58

ஐயா, வசமாகப் பிடித்துவிட்டீர்கள். அந்தப் பாடசாலை இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும், பெரும் கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலையாக. ஒபாமாவின் பெண் பிள்ளைகளும் அங்கே படித்தவர்கள். டூயி 1904இலேயே வெளியேறிவிட்டார். இன்னொரு பாடசாலையோடு இணைப்பதிலும், அதிபராக இருந்த அவருடைய மனைவி அலிஸின் பதவி விடயத்திலும் பல்கலைக்கழகத் தலைவரோடு முறுகல். அவர் நடத்தியது மொத்தம் எட்டு வருடம். தொடக்கத்திலும் அங்கே படித்தவர்களில் பெரும்பாலானோர் பேராசிரியர்கள் போன்ற படித்த குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடப் பாடசாலை, அந்த மாநிலத்துச் சனத்தொகையின் சிறிய படம் போல இருக்க வேண்டுமென்று பிள்ளைகளைத் தெரிவு செய்கிறது. கெட்டிக்காரரும் இருப்பார்கள், தடுமாறுவோரும் இருப்பார்கள், வசதியுள்ள வீடும் இல்லாத வீடும் இருக்கும். அங்கே எழுதிய பாடநூலை அந்தப் பிள்ளைகளிடமே படிப்பித்துப் பார்த்துத் திருத்திய பிறகுதான் வெளியே விடுவார்கள்.


கனகராயன்
திங்கள் காலை 6.15

எங்கள் ஊருக்கு முதலில் காலை பஸ் ஒழுங்காக வரட்டும். பிறகு ஆய்வுகூடம் கட்டலாம்.


தராசு
திங்கள் நண்பகல் 12.34

கல்வி நிர்வாகத்தில் கோப்புத் தள்ளுகிறவன் நான். கனவுக்குத் தண்ணீர் ஊற்ற வரவில்லை, ஆனால் சில விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோடு தொடர்புடையவை. நம்முடைய சிறிய பாடசாலைகளோ மாகாணக் கல்வி அமைச்சின் கீழ். ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, இடமாற்றம் யார் கையில், வரவு இடாப்பில் யார் கையெழுத்து வைப்பது என்பதெல்லாம் கேட்கச் சின்னதாக இருக்கும். திட்டங்கள் சாவது இந்த இடத்தில்தான். இரண்டு பேருக்குச் சொந்தமான மாட்டுக்கு வைக்கோல் போட ஆளிருக்காது.

இரண்டாவது, இதைத்தான் ஒருவரும் கவனிக்கவில்லை. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. தொடங்கியபோது அதற்கு மூன்று பீடங்கள்: பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். கல்விப் பீடம் அதில் இல்லை. இரசாயனத் துறை இல்லாத இடத்தில் இரசாயன ஆய்வுகூடம் கட்டுவதைப் போன்றது இது. அங்கே எந்த விரிவுரையாளர் வந்து பின்னம் படிப்பிப்பதைப் பார்ப்பார்?

ஆசிரியர்களை உருவாக்கும் இடம் பூந்தோட்டத்தில் இருக்கிறது, தேசிய கல்வியியற் கல்லூரி. இரண்டு வருடம் உள்ளே படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலைகளில் உள்ளகப் பயிற்சி. ஆய்வுகூடம் யாருக்காவது வேண்டுமென்றால் அவர்களுக்குத்தான்.


மருதடி
திங்கள் பிற்பகல் 2.10

தராசு சொல்வது சரி. முந்திய காலத்தில் ஆசிரிய கலாசாலைகளோடு ஒட்டிப் பயிற்சிப் பாடசாலைகள் இருந்தன. அங்கே பாடம் எடுக்கப் போகிற நாளில் எங்கள் ஆட்களுக்குக் கால் நடுங்கும். பிள்ளைகள் நூறு பயிற்சி ஆசிரியரைக் கண்டு தேறியவர்கள். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் அவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

அயலில் இருந்துவிட்டால் மட்டும் பாடசாலையும் பல்கலைக்கழகமும் ஒன்றுக்கொன்று உதவிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஹொரணையில் ஸ்ரீ பாலி என்ற பாடசாலை இருக்கிறது. வில்மட் பெரேரா தாகூரின் சாந்திநிகேதனைப் பார்த்து மனம் பறிகொடுத்துத் தொடங்கியது. 1934இல் தாகூரே வந்து அடிக்கல் நாட்டினார். பிறகு 1996இல் அங்கேயே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகம் வந்தது. அரங்கக் கலையும் வெகுசன ஊடகமும் படிப்பிக்கிறார்கள். நல்லது. ஆனால் பாடசாலையும் வளாகமும் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். டூயி சொன்ன பொருளில் ஒன்று மற்றொன்றின் ஆய்வுகூடம் இல்லை. சாந்திநிகேதனில் 1901இல் ஐந்து பிள்ளைகளோடு பாடசாலை முதலில் வந்தது, 1921இல் விசுவபாரதி பின்னால் வந்தது. மரத்தடிப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் முளைத்தது. நாங்கள் கேட்பது தலைகீழாக.


வட்டுவாகல்
திங்கள் இரவு 7.48

நான் ஆசிரியை இல்லை. ஒரு தாய். முல்லைத்தீவு. மகள் தரம் 2, மகன் தரம் 5.

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் 'ஆய்வுகூடம்' என்ற சொல்லைப் படித்தவுடன் எனக்கு வயிறு எரிந்தது. ஆய்வுகூடத்தில் எலிதானே இருக்கும்?

2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வராத ஆளில்லை. படிவம், கேள்விக்கொத்து, ஒலிப்பதிவு. எத்தனை பேர் செத்தார்கள், பிள்ளை இரவில் அழுகிறதா, எத்தனை நேரம் சாப்பிடுகிறீர்கள். ஒரு நிறுவனத்தின் ஆட்கள் என் தங்கையின் பிள்ளைகளிடம் படம் கீறச் சொல்லி, கீறியதையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு கடுதாசிகூட வரவில்லை. அந்தப் படங்கள் எந்த ஊரில் எந்த அலுமாரியில் கிடக்கின்றனவோ. பிள்ளை ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தது, "என்ரை படம் எங்கே அம்மா" என்று.

ஆகவே கேட்கிறேன். உங்கள் சோதனை பிழைத்துப் போனால், அந்த ஒரு வருடத்தை என் மகனுக்கு யார் திருப்பித் தருவார்கள்? கரைசலைக் கவிழ்த்து ஊற்றலாம். தரம் 5ஐ ஊற்ற முடியுமா?


குளக்கட்டு
திங்கள் இரவு 9.05

அக்கா, கவிழ்த்து ஊற்றலாம் என்று எழுதியவன் நான்தான். பிழையான ஒப்புமை. மன்னியுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போதும் உங்கள் மகன் மீதும் என் வகுப்புப் பிள்ளைகள் மீதும் சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் ஊகத்தில்தான் படிப்பிக்கிறேன். என்ன, அதை யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் பின்னால் இருந்து பார்ப்பதில்லை, பிழைத்தது என்று எனக்கே தெரியவருவதில்லை.

போன தவணை நடந்ததைச் சொல்கிறேன். தரம் 4க்குக் கால், அரை, முக்கால் படிப்பிக்க வேண்டும். வட்டம் கீறிக் கூறு போட்டுக் காட்டினால் தலையாட்டுவார்கள், அடுத்த நாள் ஒன்றும் இராது. சரி, நாலு சுண்டு ஒரு கொத்து என்பது வீட்டில் அரிசி அளப்பதில் தெரிந்த சங்கதிதானே, வீட்டிலிருந்து சுண்டும் கொத்தும் கொண்டு வரச் சொன்னேன். ஒரு கொத்துத்தான் வந்தது, ஒரு பிள்ளையின் அம்மம்மாவுடையது. சுண்டுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் பால்பேணி கொண்டு வந்தார்கள். ஒருவன் மீன்பேணி. முற்றத்து மணலை அள்ளி அளந்தோம். ஒரு குழுவுக்கு நாலு பேணியில் கொத்து நிரம்பியது. மற்றக் குழுவுக்கு நாலாவது பேணியில் பாதி வழிந்தது. மீன்பேணிக்காரனுக்கு மூன்றோடு முடிந்துவிட்டது.

நான் தடுமாறிவிட்டேன். பாடம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அதற்குள் தரம் 3இல், தன் வேலையைச் செய்யாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை எழும்பி, "சேர், கொத்துத்தான் பிழை" என்றாள். தரம் 5 பொடியன் ஒருவன், "கொத்துப் பிழையில்லை, பேணிகள் ஒரே அளவில்லை" என்றான். அங்கே பிடித்தது வாக்குவாதம். மூன்று தரமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. எந்தப் பேணி உண்மையான கால் என்று கண்டுபிடிக்க மணலை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். மதிய உணவுக்கு மணி அடித்ததும் ஒருவரும் எழும்பவில்லை, அதுவே அதிசயம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அது தற்செயலா, மறுபடி செய்தாலும் நடக்குமா? வேறொரு பாடசாலையில் வேறொருவர் செய்தால் நடக்குமா? ஒரு மாதம் கழித்து அவர்களுக்கு முக்கால் நினைவிருக்குமா? நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பாடக்குறிப்பில் "பின்னம் - செயற்பாடு மூலம்" என்று மூன்று சொல்தான் இருக்கிறது.


துணுக்காயான்
செவ்வாய் அதிகாலை 1.20

பின்லாந்திலிருந்து எழுதுகிறேன், ஆகவே இந்த நேரத்தில் விழித்திருக்கிறேன். நான் துணுக்காயில் பிறந்தவன். என் மகள் படித்தது இங்கே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை ஒன்றில். எங்களுக்கு அது வீட்டுக்குக் கிட்டிய பாடசாலை, வேறு காரணமில்லை. தெரிவுப் பரீட்சை ஒன்றும் இல்லை, அயல் பிள்ளைகள்தாம் வருகிறார்கள்.

இவை பல்கலைக்கழகங்களின் கல்விப் பீடங்களின் கீழ் இருப்பவை. இந்த நாட்டின் முதல் ஆசிரியர் கலாசாலை யுவாஸ்கூலாவில் 1863இல் தொடங்கியது, பயிற்சிப் பாடசாலையும் அதோடு சேர்ந்ததுதான். வகுப்பின் பின்வரிசையில் இரண்டு மூன்று பயிற்சி ஆசிரியர்கள் எப்போதும் இருப்பார்கள். பிள்ளைகள் அவர்களைச் சுவர்க் கடிகாரம் மாதிரித்தான் பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் படிப்பித்தவரும் பார்த்தவர்களும் வகுப்பு ஆசிரியரும் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒருமுறை மகளிடம் கேட்டேன், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று. "எங்களுக்கு ஏன் விளங்கவில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள்" என்றாள். பிள்ளைக்கு ஏன் விளங்கவில்லை என்று பெரியவர்கள் சண்டை பிடிக்கும் ஓர் அறை! எங்கள் காலத்தில் விளங்காவிட்டால் சண்டை வேறு இடத்தில், பிரம்போடு.

வட்டுவாகல் அக்காவுக்கு: அங்கே சோதனை என்றால் பிள்ளையின் பாடவிதானத்தைத் தூக்கி எறிவதில்லை. எல்லாப் பாடசாலைக்கும் உரிய அதே கலைத்திட்டம்தான். மாறுவது படிப்பிக்கும் வழி, கூடுவது பார்க்கும் கண்கள்.

தராசு அண்ணைக்கு ஒன்று. கல்லூரியிலிருந்து நாற்பது கிலோமீற்றர் தள்ளிப் பாடசாலை இருந்தால் முதல் மாதம் எல்லாரும் வருவார்கள், இரண்டாம் மாதம் ஜீப்புக்கு டீசல் இராது. நடந்து போகும் தூரத்தில் இருப்பதற்கு மதிப்பு இருக்கிறது.


மருதடி
செவ்வாய் காலை 8.33

இரவு முழுக்க இந்த இழை என் தலைக்குள் ஓடியது. ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1998இல் ஆரம்பக் கல்விக்குப் புதிய சீர்திருத்தம் வந்தது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், விளையாட்டு, ஆக்கம். நல்ல சீர்திருத்தம், இன்றும் சொல்வேன். கம்பஹா மாவட்டத்தில் அந்த வருடம் பரீட்சித்துப் பார்த்தார்கள். 1999இல் நாடு முழுவதும் தரம் 1க்கு வந்தது. வன்னிக்கும் வந்தது. அப்போது வன்னி எப்படி இருந்தது? ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை முடிந்து அதிக காலமாகவில்லை, போர் நடந்துகொண்டுதான் இருந்தது. நான் மல்லாவிப் பக்கம், இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்றில். கிடுகுக் கொட்டகை. ஒரு பாடசாலைக்குள் மூன்று பாடசாலை, காலையில் ஒன்று, பின்னேரம் இரண்டு. வழிகாட்டி நூலைத் திறந்தால் வர்ணத்தாளை வெட்டி ஒட்டச் சொல்கிறது. மண்ணெண்ணெய்க்கே பாடாக இருந்த நாளில் வர்ணத்தாளுக்கு எங்கே போவது? பூவரசம் இலை, பாலைக் கொட்டை, செங்கட்டித் தூள் என்று எதை எதையோ கொண்டு சமாளித்தோம். சில செயற்பாடுகள் நூலில் இருந்ததைவிட நன்றாக வந்தன. சில நாறிப் போயின. எது எது என்று இப்போது கேட்டால் எனக்கு மூன்றோ நாலோதான் நினைவிருக்கிறது. என்னோடு படிப்பித்தவர்களில் பாதிப் பேர் இல்லை.

கம்பஹாவில் சோதித்ததைக் குறை சொல்லவில்லை. அங்கே கரும்பலகை இருந்தது, ஒரு தரத்துக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். நம்மிடம் மூன்று தரத்துக்கு ஒருவர். நமக்குப் பொருந்துமா என்று பார்க்க நம்மிடத்தில் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பாதி, அந்தப் பதாகைக் கதை, அப்படியே நிற்கிறது.


பாலைப்பழம்
செவ்வாய் மாலை 4.47

ஐயா, அந்த மூன்று நாலையும் தயவுசெய்து எங்காவது எழுதுங்கள்.

பதாகைக்கு என்ன வழி என்று யோசித்தேன். சிறந்த பாடசாலையாக இருக்கக்கூடாது என்று விதி வைக்க முடியாது. ஆனால் அது எந்தப் பாடசாலையை ஒத்திருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். ஓர் ஆசிரியருக்கு மூன்று தரம். கிராமத்துப் பிள்ளைகள், நடந்து வரும் தூரம். மாகாணப் பாடசாலைக்குக் கிடைக்கும் அதே நிதி, அதே தளபாடம். குளிரூட்டி, பெரிய திரை, தனி வான் எதுவும் கூடாது. அங்கே ஒரு வழி பலித்தால், நெடுங்கேணியிலும் பலிக்கக்கூடும். டூயியின் ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடித்தாலும் அது குளக்கட்டு அண்ணாவின் மண்டபத்துக்கு உதவாது. வசதியான இடத்தில் கிடைத்த விடையைத்தான் எங்களுக்குக் காலங்காலமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பணம் பற்றித் தராசு சேர் சொன்னதும் உண்மை. அமெரிக்காவில் வட அயோவாப் பல்கலைக்கழகத்தின் மல்கம் பிரைஸ் பாடசாலையை 2012இல் மூடினார்கள். பெயர்போன ஆய்வுகூடப் பாடசாலை, வரவுசெலவில் வெட்டு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.


தராசு
செவ்வாய் இரவு 8.15

தங்கச்சி சொல்லும் விதிகளோடு பார்த்தால் புதுப் பாடசாலையே தேவையில்லையே. வளாகத்துக்கோ கல்லூரிக்கோ கிட்ட ஏற்கெனவே இருக்கிற, பிள்ளைகள் குறைந்து மூடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கிற ஒரு பாடசாலையை எடுங்கள். மாகாணத்தின் கீழேயே இருக்கட்டும், சம்பளமும் இடமாற்றமும் பழையபடி. கல்லூரி தன் உள்ளகப் பயிற்சியாளர்களில் சிலரை அங்கே அனுப்பட்டும். பல்கலைக்கழகத்துப் புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் பதிவுகளை வாங்கிப் பார்க்கட்டும். இதற்கு எழுத்து மூலம் ஓர் உடன்பாடு போதும். கட்டடம் வேண்டாம். கட்டடம் வேண்டாமென்றால் அடிக்கல்லும் வேண்டாம், அதுவே பெரிய ஆறுதல்.

ஒரே ஒரு நிபந்தனை. அங்கே இருக்கும் ஆசிரியரைக் குறைந்தது நாலு வருடத்துக்கு அசைக்கக்கூடாது. அதை எழுதி வாங்குவதுதான் கஷ்டம்.


குளக்கட்டு
செவ்வாய் இரவு 9.30

பம்பைமடு வாசலைப் பார்த்துத் தொடங்கிய இழை இங்கே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. வளாகத்துக்குள் பாடசாலை என்ற ஆசை எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை, உண்மையைச் சொன்னால். ஆனால் உடன்பாடு வரும்வரை காத்திருந்தால் எனக்கு ஓய்வூதியம் வந்துவிடும்.

இன்று ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்கினேன். சுண்டுப் பாடத்தை நினைவிருந்த மட்டும் எழுதினேன்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, எந்தத் தரத்துப் பிள்ளை என்ன சொன்னது. பிள்ளைகளின் பெயர் எழுதவில்லை. நாலு பக்கம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தரம் 4க்கு மட்டும் முக்காலைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். அதையும் எழுதுவேன், ஒருவருக்கும் நினைவில்லாமல் போனாலும்.

அடுத்த பாடம் குளத்து நீர்மட்டம். இரணைமடுவுக்கு 36 அடி என்று வானொலியில் சொல்வது பிள்ளைகளுக்குப் பாடம், ஆனால் எங்கள் குளத்தின் அளவுகோலை ஒருவரும் வாசித்ததில்லை. காலபோகத்து மழை தொடங்கியதிலிருந்து தைப்பொங்கல் வரை கிழமைக்கு ஒருமுறை கட்டுக்குப் போய் வாசித்து வரைபு கீறலாம். தரம் 3 எண்ணை வாசிக்கும், தரம் 4 போன கிழமையோடு கழித்துப் பார்க்கும், தரம் 5 வரைபு கீறும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.


வட்டுவாகல்
செவ்வாய் இரவு 9.51

தம்பி, குளத்துக்குக் கூட்டிப் போவதென்றால் பெற்றோர் இரண்டு பேராவது கூட வர வேண்டும். மழைக்காலத்துக் கட்டு வழுக்கும், யானையும் இறங்கும்.

கொப்பியைப் பெற்றோருக்கும் காட்டுவீர்களா?


குளக்கட்டு
செவ்வாய் இரவு 9.58

முதலில் அவர்களுக்குத்தான் அக்கா. அதிபரின் மேசையில் வைத்துவிடுகிறேன், யாரும் வந்து வாசிக்கலாம். பிழையாக எழுதியிருந்தால் பக்கத்திலேயே எழுதலாம்.


மருதடி
புதன் காலை 5.40

செங்கட்டித் தூள் பாடத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கொப்பியில் எனக்கு ஆறு பக்கம் விட்டு வையுங்கள். என் கையெழுத்துப் பெரிது.